மலையூர்ப் பட்டறைகளுக்குத் தோள் கொடுப்போர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்குக் கோடி முழுக்க மலை. அப்பலாச்சியன் தொடரைச் சேர்ந்த புளூ ரிட்ஜ் மலைகள் இங்கேதான் உச்சம் தொடுகின்றன. 2,037 மீட்டர் உயரமுள்ள மிட்செல் சிகரம், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அந்நாட்டின் மிக உயர்ந்த இடம். ஆஷ்வில் என்ற நடுத்தர நகரத்தை விட்டால் மற்றவையெல்லாம் பெரும்பாலும் சிற்றூர்கள். மலையேறுவோர், காட்டில் முகாமிடுவோர், ஆற்றில் படகு விடுவோர், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோர் ஆகியோருக்கான சாதனங்களைச் செய்யும் சிறு நிறுவனங்கள் இந்த வட்டாரத்தில் பல உள்ளன. கூடாரம், முதுகுப்பை, மரத்துக்கு மரம் கட்டும் தூளிப் படுக்கை, கயாக் படகு, மிதவைச் சட்டை, பாறையேறுவோரின் இடுப்புக்கச்சை, சைக்கிள் ஹப் என்று பொருள்கள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனர் உண்டு; பத்திரிகைகள் அவரைப் பற்றித்தான் எழுதும். அவருக்குக் கடன் கொடுத்தவர், துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தவர், நாடாவின் வலுவைச் சோதித்தவர், சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் காட்டுப்பாதை போட்டவர் ஆகியோர் கண்ணில் படுவதில்லை. தொழில் அங்கே வேர் பிடித்ததில் இவர்களின் பங்கு நிறுவனரின் பங்குக்குக் குறைந்ததல்ல.

வெளிப்புறப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் சின்னத் தொழிலும் அல்ல. அந்நாட்டு அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் இதற்கெனத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. 2023-இல் இத்துறையின் மொத்த உற்பத்தி மதிப்பு ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி டாலர். அதில் இத்துறை தானே கூட்டிய மதிப்பு மட்டும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம்; வேலை பார்ப்போர் சுமார் 50 லட்சம் பேர். படகு, மோட்டார் வேன், விடுதி, விமானப் பயணம் எல்லாம் அடங்கிய கணக்கு இது. அதில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாதனங்களைச் செய்யும் சிறு பட்டறைகளின் பங்கு கொஞ்சம்தான். ஆனால் சுற்றுலா தரும் வேலை பருவத்தோடு வந்து பருவத்தோடு போய்விடும், கூலியும் குறைவு. பட்டறை வேலை ஆண்டு முழுதும் இருக்கும். மலை மாவட்டங்களில் தொழில் வளர்ப்பதைப் பொறுப்பாக ஏற்றவர்கள் இந்தப் பட்டறைகளைத் தேடிப் போவதற்கு அதுவே காரணம்.

இந்த வட்டாரத்துக்கு இயற்கை கொடுத்தது நிறைய. பிஸ்கா, நந்தஹேலா என்ற இரண்டு தேசியக் காடுகளும் சேர்ந்து 10 லட்சம் ஏக்கருக்கு மேல். பக்கத்து டென்னசியோடு பங்கு போட்டுக்கொள்ளும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வருகைகள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கூட்டம் அதிகம் கூடுவது அங்கேதான். ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையும் இந்த மலைகளின் வழியாகவே போகிறது. நந்தஹேலா ஆற்றங்கரையில் 1972-இல் தொடங்கிய படகுப் பயிற்சி மையம் இரண்டு தலைமுறைப் படகோட்டிகளை உருவாக்கியது. அவர்களில் சிலர் தங்களுக்குப் பிடித்த படகு கடையில் கிடைக்காததால் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

மனிதர் விட்டுப்போன சொத்து இன்னொன்று: தையல் கை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த மலையடிவாரம் நூற்பாலை, காலுறை ஆலை, மரச்சாமான் தொழிற்சாலை, காகித ஆலை ஆகியவற்றை நம்பி வாழ்ந்தது. ஸ்வானநோவா என்ற ஊரில் பீக்கன் நிறுவனம் போர்வை நெய்தது. ஊரே அந்த ஆலைக்காக எழுந்ததுபோல் இருந்தது. பிரெவார்ட் அருகே 1939-இல் தொடங்கிய எக்கஸ்டா ஆலை சிகரெட் தாள் செய்தது. 1994-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தது, 2001-இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. இவற்றுக்குப் பின் தையலும் நெசவும் கடல் கடந்தன. பீக்கன், எக்கஸ்டா இரண்டும் 2002-இல் மூடின. பீக்கன் கட்டடம் அடுத்த ஆண்டே தீக்கு இரையானது. 1908 முதல் கேன்டன் ஊரில் புகை விட்டுக்கொண்டிருந்த காகித ஆலை 2023-இல் மூடப்பட்டபோது சுமார் ஆயிரம் பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தனர்.

ஆலை போனாலும் திறமை உடனே போய்விடவில்லை. கனத்த துணியைக் கோணாமல் தைக்கத் தெரிந்தவர்கள், தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள், சாயம் அறிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அமெரிக்கச் சட்டம் ஒன்றும் கைகொடுத்தது. ராணுவத்துக்கான உடை, கூடாரம், துணிப் பொருள்களை உள்நாட்டிலேயே செய்து வாங்க வேண்டும் என்று 1941 முதல் இருந்துவரும் பெர்ரி திருத்தம் அது. அந்த ஆர்டர்களை நம்பிப் பல தையல் கூடங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. 1881-இல் தொடங்கிய டயமண்ட் பிராண்ட் நிறுவனம் இங்கே ராணுவத்துக்கும் சாரணர் முகாம்களுக்கும் கூடாரம் தைத்துக் காலம் தள்ளியது. பிற்காலத்தில் வந்த முதுகுப்பைக்காரர்களும் கூடாரக்காரர்களும் இந்த மிச்சத்தின் மேல்தான் கட்டினார்கள்.

பானர் எல்க் பக்கத்தில் மிஸ்டி மவுண்டன் நிறுவனம் 1985-இலிருந்து பாறையேறுவோருக்கான இடுப்புக்கச்சை தைக்கிறது. உயிர் தொங்கும் பொருள் அது. நாடாவும் நாடாவும் சேரும் இடத்தில் ‘பார்டாக்’ போடுவார்கள். சில சென்டிமீட்டர் நீளத்துக்குள் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடும் தையல் கட்டு. நாடா ஒரு நிறம், நூல் வேறு நிறம் என்று வைப்பது இத்தொழிலில் வழக்கம். அழகுக்காக மட்டும் அல்ல. ஓர் இழை அறுந்தாலும் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக. இந்தத் தையலை எந்திரம் போடும், சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்வது கண். ஆலைக்காலத்துக் கண்களுக்கு அங்கே மதிப்புக் கூடியது.

உலோக வேலையிலும் இதே கதை. ஆஷ்விலில் 2005-இல் பிறந்த இண்டஸ்ட்ரி நைன், ஒரு குடும்பத்தின் பழைய கடைசல் பட்டறைக்குள் தொடங்கிய சைக்கிள் சக்கர நிறுவனம். சக்கரத்தின் நடுவே சுழலும் பாகம்தான் ஹப்; அதன் ஹைட்ரா என்ற ஹப்பில் 115 பல் கொண்ட வளையமும் ஆறு கொக்கிகளும் உண்டு. ஆறும் ஒரே நேரத்தில் பல்லில் விழாமல் முறைவைத்து விழும்படி செய்திருப்பதால், ஒரு சுற்றில் 690 இடங்களில் பிடிப்புக் கிடைக்கும். பெடலை மிதித்ததும் ஏறத்தாழ அரை டிகிரி நகர்வதற்குள் சக்கரம் இழுக்கத் தொடங்கும். செங்குத்தான பாறைப் படிகளில் ஏறுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பக்கத்து ஊரான ஃபிளெட்சரில் உள்ள கேன் க்ரீக், முன்சக்கரக் கவை திரும்ப உதவும் ஹெட்செட் என்ற பாகத்தை மரை இல்லாத வடிவில் உலகுக்குப் பரப்பிய நிறுவனம். இன்று உலகெங்கும் ஓடும் பெரும்பாலான உயர்ரக சைக்கிள்களில் அந்த முறைதான். அதன் உரிமை இப்போது ஊழியர்கள் கையில்.

ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குத் தாயாவதும் உண்டு. வீவர்வில் என்ற சிற்றூரில் லோட்டஸ் டிசைன்ஸ் என்ற பெயரில் மிதவைச் சட்டை செய்த பிலிப் கரி, அதைப் படகோனியா என்ற வெளிப்புற உடை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 2002-இல் ஆஸ்ட்ரல் என்ற புதுக்கடை திறந்தார். மிதவைச் சட்டைக்குள் வைத்துவந்த பி.வி.சி. நுரைக்கு மாற்றாக அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று, நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு. உள்ளே காற்றடைத்த நுண்குழல் போன்ற இழை, மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்க வேறென்ன வேண்டும்? ஆனால் அமெரிக்காவில் மிதவைச் சட்டையைக் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் இல்லாமல் உயிர்காப்புச் சாதனமென்று விற்க முடியாது. ஒவ்வொரு மாதிரியும் சோதனைக்கூடம் போய்வர வேண்டும். அதற்காகும் பணமும் காலமும் புதிதாக வருகிறவரைத் திணறடிக்கும். இந்த வழியை ஏற்கெனவே ஒருமுறை கடந்தவர் பக்கத்து ஊரில் இருப்பது பெரும் பேறு.

புதிதாக வருகிறவரின் முதல் பகை போட்டி அல்ல, காலண்டர். ஒரு முதுகுப்பை நிறுவனத்தின் ஓராண்டைப் பார்த்தால் புரியும். வசந்த காலத்தில் பை கடையில் தொங்க வேண்டுமானால் முந்தைய ஆண்டு கோடையிலேயே சாம்பிள் தயாராக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் அதைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள், பணம் கொடுக்க மாட்டார்கள். இலையுதிர் காலத்தில் துணி, ஜிப், பக்கிள், நாடா எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். குளிர்காலம் முழுதும் தைப்பவருக்கு வாரக் கூலி தர வேண்டும். பிப்ரவரியில் சரக்கு போகும். கடைக்காரரின் பணம் வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு மாதம், சில நேரம் மூன்று மாதம். ஆக, போட்ட பணம் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகிவிடும். ஆர்டர் அதிகமானால் இடுக்கண் குறையாது, கூடும். நன்றாக விற்பனையாகும் பொருளை வைத்துக்கொண்டே கையில் காசில்லாமல் மூடிய சிறு நிறுவனங்களின் கதை இத்துறையில் புதிதல்ல.

விலைக் கணக்கும் கடினம். உதாரணத்துக்கு, கடையில் 200 டாலருக்கு விற்கும் பையைக் கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுப்பார். மிஞ்சும் 100 டாலரில் வாடகை, விளம்பரம், வடிவமைப்பு, கெட்டுப்போன சரக்கு, லாபம் எல்லாம் போகப் பையின் அடக்கவிலை 50 டாலருக்குள் நிற்க வேண்டும். ஒருவர் இரண்டு மணி நேரம் தைத்தாலே மணிக்கு 20 டாலர் வீதம் 40 டாலர் கூலி. மீதிப் பத்து டாலரில் துணி வாங்க முடியுமா? அதனால்தான் உள்ளூரில் தைக்கும் சிறு நிறுவனங்கள் கடைகளை நம்பாமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கப் பார்க்கின்றன. வெளிநாட்டில் தைத்துக் கொண்டுவந்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. செயற்கை இழைப் பைகளுக்கு அமெரிக்காவின் வழக்கமான இறக்குமதித் தீர்வையே 17.6 சதவீதம், சீனாவிலிருந்து வருபவற்றுக்கு 2019 முதல் அதன் மேல் இன்னும் 25 சதவீதம் ஏறியது.

வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். ஒரு தையல் இயந்திரமும் இருநூறு பையும் எந்த வங்கிக்கும் ஈடாகத் தெரியாது. இங்கேதான் மவுண்டன் பிஸ்வொர்க்ஸ் போன்ற அமைப்புகள் வருகின்றன. 1989-இல் ஆஷ்விலில் தொடங்கப்பட்ட இது, லாப நோக்கற்ற கடன் நிறுவனம். அமெரிக்காவில் இத்தகையவற்றுக்குச் சமுதாய வளர்ச்சி நிதி நிறுவனம் என்று பெயர். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவற்றுக்கென மத்தியக் கருவூலத்தில் தனி நிதியம் அமைத்தது. வசதி குறைந்த பகுதிகளுக்கும் கடன் வழங்க வேண்டும் என்று வங்கிகளை வற்புறுத்தும் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு பக்கம் உதவுகிறது. நேரடியாகச் சிறு கடன் கொடுக்க விரும்பாத வங்கிகள் இந்த அமைப்புகளிடம் பணத்தைக் கொடுத்துத் தங்கள் கடமையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இவர்கள் கடன் கொடுக்கும் முறை வேறு. சிறுதொழில் நிர்வாகத் துறையின் நுண்கடன் திட்டம் 50,000 டாலர் வரை அனுமதிக்கிறது; அது இத்தகைய அமைப்புகள் வழியாகத்தான் போகும். பணத்தோடு ஓர் ஆலோசகரும் வருவார். ஒரு பைக்கு உண்மையில் எவ்வளவு அடக்கம் ஆகிறது, எந்த மாதத்தில் கை வறண்டுபோகும், எந்த ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை அவர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். ஆர்டரைத் திருப்பி அனுப்பச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய கடைச் சங்கிலியின் முதல் ஆர்டரிலேயே மூழ்கிவிடக்கூடிய நிறுவனத்துக்கு அதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

பணத்துக்கு அடுத்தது உறவு. 2013-இல் இந்த வட்டாரத்துச் சாதன நிறுவனங்கள் சில சேர்ந்து அவுட்டோர் கியர் பில்டர்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. தூளிப் படுக்கைக்குப் பேர்போன ஈனோ, இலகுவான முகாம் டிரெய்லர் செய்யும் சில்வன்ஸ்போர்ட், கயாக் செய்யும் லிக்விட்லாஜிக் போன்றவை அதில் இருந்தன. ஒருவர் கூடாரம் செய்கிறார், மற்றவர் படகு செய்கிறார்; ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் பறிக்கும் நிலை அதிகம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் லாரி வேண்டும், காப்பீடு வேண்டும், நல்ல ஆள் வேண்டும். கூட்டமைப்புக்குக் கிடைத்த உயிர் அந்தப் பொதுத் தேவைதான். நம்பகமான ஜிப் எங்கே கிடைக்கும், எந்த ஏஜென்ட் சொன்ன சொல் காப்பார் என்பன போன்ற செய்திகள் எந்தப் பாடநூலிலும் இருக்காது. பக்கத்துப் பட்டறைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கூட்டமைப்பும் மவுண்டன் பிஸ்வொர்க்ஸும் கைகோத்து 2019-இல் வேபாயிண்ட் என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. வெளிப்புறத் தொழில்களுக்கென்றே அமைந்த முடுக்கித் திட்டம் (ஆக்சிலரேட்டர்) அது. தொழிலைத் தொடங்கிச் சிறிது தூரம் வந்துவிட்ட சிலரைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே நிலைபெற்ற உள்ளூர் நிறுவனங்களின் தலைவர்களோடு உட்காரவைப்பதே அதன் சாரம். நகரத்து முடுக்கித் திட்டங்கள் ஐந்தாண்டில் நூறு மடங்கு வளர்ந்து விற்றுவிடக்கூடிய நிறுவனத்தைத் தேடும். முதுகுப்பைக் கம்பெனி அப்படி வளராது. வளர்ந்தாலும் மலையில் இருக்காது. பத்துப் பேர், முப்பது பேர் என்று வேலை தந்து நிதானமாக நிற்கும் நிறுவனமே ஊருக்குத் தேவை. முதலீட்டாளர் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரியும் இந்த வேகம்தான் திட்டத்தின் நோக்கம்.

தைத்துக் கொடுப்போரின் கதை மலையடிவாரத்து மோர்கன்டன் ஊரில் நடக்கிறது. 2008-இல் அங்கே ஆப்பர்சூனிட்டி த்ரெட்ஸ் என்ற தையல் கூட்டுறவு பிறந்தது. அதன் உறுப்பினர்களில் பலர் குவாத்தமாலாவிலிருந்து வந்து குடியேறிய மாயா இன மக்கள். தைப்பவர்களே பங்குதாரர்கள். ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் கூடங்கள் சின்ன ஆர்டரை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், நூறு இருநூறு உருப்படி கேட்டு வருகிற புது நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட இடம் கிடைப்பது அரிது. 2013-இல் உருவான கரோலினா டெக்ஸ்டைல் டிஸ்ட்ரிக்ட் என்ற வலையமைப்பு, வடிவத்தோடு வருகிறவரை அவருக்கேற்ற தையல் கூடத்தோடும் துணி ஆலையோடும் சேர்த்துவைக்கிறது. 2015-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் காமன்ஸ் இவற்றுக்கெல்லாம் குடைபோல் நிற்கிறது. அதன் குடும்பத்தில் பிறந்த மெட்டீரியல் ரிட்டர்ன், ஸ்மார்ட்வுல் என்ற காலுறை நிறுவனத்துக்காகப் பழைய காலுறைகளைத் திரும்பப் பெற்று அரைத்து மீண்டும் இழையாக்கும் வேலையில் இறங்கியது.

கோனோவர் ஊரில் சமுதாயக் கல்லூரி ஒன்றைச் சார்ந்த உற்பத்தித் தீர்வு மையம் இருக்கிறது. காலுறை ஆலைகளுக்கு உதவவென்று தொடங்கப்பட்டது இது. துணி எவ்வளவு தேய்ந்தால் கிழியும், வண்ணம் வெயிலில் எவ்வளவு வெளுக்கும், தையல் எத்தனை கிலோவில் விட்டுக்கொடுக்கும் என்று சோதித்துச் சான்று தருவது அதன் வேலை. முதல் மாதிரி செய்து பார்க்கவும் அங்கே இயந்திரங்கள் உண்டு. தனியொரு சிறு நிறுவனம் அத்தகைய சோதனைக் கருவிகளை வாங்கவே முடியாது, வாங்கினாலும் ஆண்டில் பத்து நாள் கூடப் பயன்படாது. பொதுவில் வைத்தால் பலருக்கும் கட்டுபடியாகும். அரசுப் பணத்தை மலைப்பகுதித் தொழிலில் போடுவதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் காண்பது கடினம்.

பாதை போடுவோரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மெக்டவல் மாவட்டத்து ஓல்ட் ஃபோர்ட், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். மரச்சாமான், காலுறைத் தொழில்கள் தேய்ந்தபின், பக்கத்துப் பிஸ்கா காட்டில் 42 மைல் நீளத்துக்குப் புதிய நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் அமைக்கும் திட்டத்தை உள்ளூர் அமைப்புகள் வனத்துறையோடு சேர்ந்து கையிலெடுத்தன. 2022-இல் முதல் பாதைகள் திறந்தன. இதற்கிடையே கலிபோர்னியாவிலிருந்து கிட்ஸ்போ என்ற சைக்கிள் உடை நிறுவனம் 2019-இல் அங்கே குடிபெயர்ந்து, பழைய ஆலைக் கட்டடத்தில் தையல் கூடம் அமைத்தது. சரக்கைக் குவித்து வைக்காமல், ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாகத் தைத்து அனுப்பும் முறை அதனுடையது. கோவிட் காலத்தில் முகக்கவசம் தைத்தது. காப்பிக் கடை திறந்தது. ஊருக்கு விடிவு பிறந்ததென்று பலர் நம்பினார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. 2023-இல் கிட்ஸ்போ மூடப்பட்டது. பாதைகள் மட்டும் நின்றன. ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி ஊரின் எதிர்காலத்தை எழுதுவது, ஒரே ஒரு ஆலையை நம்பிய பழைய தவற்றையே புதுப் பெயரில் செய்வதாகும். நிறுவனம் போகும், வரும். பாதையும் தைக்கத் தெரிந்த கையும் அடுத்தவருக்குப் பயன்படும்.

அரசு இதில் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. வெளிப்புறப் பொழுதுபோக்குத் தொழிலுக்கென மாநில அலுவலகம் அமைத்ததில் யூட்டா முதலாவது; அது 2013-இல். வட கரோலினா 2017-இல் அந்த வழிக்கு வந்தது. ஆனால் மலை மாவட்டங்களுக்கான பணம் அதற்கும் முன்பிருந்தே வேறொரு வாய்க்காலில் ஓடுகிறது. 1965-இல் அமைக்கப்பட்ட அப்பலாச்சியன் வட்டார ஆணையம் 13 மாநிலங்களில் 423 மாவட்டங்களைக் கவனிக்கிறது. தொடக்கத்தில் பெரும்பணம் சாலைக்குப் போனது. பின்னாளில் நிலக்கரித் தொழில் சரிந்த பகுதிகளுக்கு மாற்று வேலை தேடும் திட்டங்கள் வந்தன. வட கரோலினாவின் மலை மாவட்டங்களில் வெளிப்புறத் தொழிலை வளர்க்கும் கூட்டுத் திட்டத்துக்கு அந்த வழியில் நிதி கிடைத்தது. ‘மலைகள் உருவாக்கியவை’ என்ற பொருள்படும் பொது முத்திரையும், ஆண்டுதோறும் தொழில்முனைவோரும் அதிகாரிகளும் கூடும் மாநாடும் அதிலிருந்து பிறந்தன. மாநாடுகளில் பேச்சு அதிகம், பலன் குறைவு என்று சொல்வோர் உண்டு. ஆனால் ஐம்பது மைல் தள்ளி மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சந்திக்க வேறு வழியில்லாத ஊர்களில் அதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வேறு மலைகளிலும் இந்த முயற்சி உண்டு. ஓரிகன் மாநிலத்து பெண்ட் நகரில் 2014-இல் இத்துறையில் பழுத்த சிலர் சேர்ந்து, தங்கள் நேரத்தைக் கொடுத்து இளம் நிறுவனங்களை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். கொலராடோவில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கன்னிசன் ஊரின் பல்கலைக்கழகம் 2018-இல் வெளிப்புறத் தொழிலுக்கென்றே மேலாண்மைப் பட்டப்படிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் வளாகத்திலுள்ள ஐஸ்லேப் மையத்தில், மூஸ்ஜா என்ற சில்லறைக் கடை நிறுவனத்தின் பெயரில் முடுக்கித் திட்டம் ஒன்று வந்தது. மூஸ்ஜா 2023-இல் வேறொரு பெரிய நிறுவனத்துக்குக் கைமாறியது, விரைவிலேயே அந்தப் பெயர் சந்தையிலிருந்து மறைந்தது. புரவலர் ஒருவரை மட்டும் நம்பும் திட்டங்களுக்கு வரும் ஆபத்து அது.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வட கரோலினா மலைகளைத் தாக்கியது. மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். ஆறுகள் கரையேறிப் பட்டறைகளையும் கடைகளையும் வாரிக்கொண்டு போயின. நெடுஞ்சாலை 40 பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடிந்து விழுந்தது. புளூ ரிட்ஜ் மலைச்சாலை மூடப்பட்டது. ஆஷ்வில் மக்களுக்குக் குடிக்கத்தக்க குழாய்த் தண்ணீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்பியது. இலையுதிர் காலம் அங்கே சுற்றுலா உச்சம். அந்த ஆண்டு அது முழுதும் பறிபோனது. சேதமே அடையாத பட்டறைகளும் வாங்க ஆளில்லாமல், அனுப்பச் சாலை இல்லாமல் தவித்தன.

அப்போது மவுண்டன் பிஸ்வொர்க்ஸ் சில வாரங்களுக்குள் மீட்புக் கடன் நிதி ஒன்றை நடத்தத் தொடங்கியது. கூட்டாட்சி அரசின் பேரிடர்க் கடன் வந்து சேர்வதற்குள் சிறுகடைகள் செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிதியில் பணம் போட்டவர்களில் இருவர் கவனிக்கத்தக்கவர்கள். கோல்டன் லீஃப் அறக்கட்டளை, புகையிலை நிறுவனங்கள் மாநிலங்களுக்குக் கொடுத்த வழக்குத் தீர்வுப் பணத்தில் 1999-இல் உருவானது. டாக்வுட் அறக்கட்டளை, ஆஷ்விலின் லாப நோக்கற்ற மருத்துவமனைக் குழுமம் 2019-இல் தனியாருக்கு விற்கப்பட்டதில் கிடைத்த பணத்தில் பிறந்தது. விற்கப்பட்ட சொத்தின் பணம் வெளியூர் போகாமல் வட்டாரத்துக்கென்றே கட்டிவைக்கப்பட்டிருந்ததால்தான் புயலன்று கை நீட்ட முடிந்தது. கடனை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவர்களும் முன்கூட்டியே ஊரில் இருந்தார்கள். புயலுக்குப் பிறகு அப்படியோர் அமைப்பைக் கட்ட நேரம் இருந்திருக்காது.

இத்தனை பேர் தோள் கொடுத்தும் இந்தத் தொழில் ஆலைகளின் இடத்தை நிரப்பவில்லை. கேன்டன் ஆலை ஒன்றில் மட்டும் இருந்த வேலைக்கு ஈடுகட்ட, முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைகள் முப்பதுக்கு மேல் வேண்டும். ஆஷ்வில் பக்கம் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது. சுற்றுலாவைக் கூவி அழைக்கும் அதே வெற்றி, தைப்பவரை ஊரைவிட்டுத் துரத்துகிறது. இறக்குமதித் தீர்வையோ ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. இத்திட்டங்கள் நம்பியிருக்கும் மத்திய நிதிகளும் அப்படியே: சமுதாய வளர்ச்சி நிதியத்தைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கும்படி 2025 மார்ச்சில் அதிபர் ஆணை வந்தது. ஆனால் உடனடி நெருக்கடி இவை எதுவும் அல்ல. ஆலைக்காலத்தில் தொழில் கற்ற தையல்காரர்களும் மெக்கானிக்குகளும் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். புது நிறுவனம் தொடங்க ஆள் கிடைக்கிறது, கடன் கிடைக்கிறது, பாதை கிடைக்கிறது. கனத்த நைலானில் நேராக ஒரு பார்டாக் போட அடுத்த தலைமுறையில் ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. மேற்கு வட கரோலினாவில் இனிச் செலவாகும் ஒவ்வொரு டாலரும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் தையல் பயிற்சிக் கூடம்தான்.